நான் சொல்ல இருந்த சேதி

பங்குத் திருவிழாவுக்குக் கொடியேற்றிய பிறகு வந்த முதல் ஞாயிறு. பூசைக்கு முன்னால் உபதேசியார் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அன்றைய கருத்துகளை வாசிக்க ஆரம்பித்தார். எங்கள் மாதா கோயிலில் இது வழக்கம். யாருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க வேண்டுமோ அவர்கள் பெயரையும், என்ன காரியம் என்பதையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால், உபதேசியார் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசித்துவிடுவார். இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றி, பிள்ளை பிறந்ததற்கு நன்றி, வெளிநாட்டு வேலை, கோர்ட்டு வழக்கு எல்லாம் வரும். நான் கைக்குட்டையால் விசிறிக்கொண்டு அரைக் காதில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது என் பெயர் வந்தது. கூடவே என் வீட்டுக்காரர் பெயர், எங்கள் தெரு. வேறு யாரோ என்று சொல்லித் தப்பிக்க இடமே வைக்காமல் வந்தது. "இடது மார்பகப் புற்றுநோய் பூரணமாகக் குணமாக வேண்டி, நலம் விரும்பும் ஒரு சகோதரி" என்று முடித்துவிட்டு அவர் அடுத்த சீட்டுக்குப் போனார். அடுத்தது யாரோ புது டிராக்டர் வாங்கியதற்கு நன்றி.

இடது என்று வேறு சொல்லியாகிவிட்டது. இனி ஊரில் யாருக்கும் சந்தேகம் வராது.

முதலில் எனக்குக் கோபம்கூட வரவில்லை. முந்தானையை இழுத்து மார்பை மூடிக்கொண்டேன். அது சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் கை தானாகப் போயிற்று. பெண்கள் பக்கத்தில் தலைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. நான் அவர்களைப் பார்க்கவில்லை. பாடகர் குழுவைப் பார்த்தேன். பீடத்துக்குப் பக்கத்தில், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே அவர்கள் நிற்பார்கள். அங்கே என் மகள் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். திருச்சியில் நர்சிங் படிப்பு முடித்து, கடைசித் தேர்வும் எழுதிவிட்டு முந்தின நாள்தான் வந்திருந்தாள். என் உடம்பில் நடந்த எதுவும் அவளுக்குத் தெரியாது. அன்று மத்தியானம் சாப்பிட்ட பிறகு பக்கத்தில் உட்காரவைத்து நானே சொல்வதாக இருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வாரக்கணக்கில் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

நான் ரவிக்கை தைக்கிறவள். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளுக்குப் போகும் பெண்கள், டீச்சர்கள், கம்மாபுரம் பக்கத்திலிருந்து வண்டியில் வந்து இறங்கும் கல்யாணப் பெண்கள் என்று எனக்கு வாடிக்கைக்குக் குறைவில்லை. இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. எவள் முழுகாமல் இருக்கிறாள் என்பது அவள் மாமியாருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். எவள் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டு போகிறாள், எவள் முதுகில் பெல்ட்டுத் தடம் இருக்கிறது என்பதெல்லாம் தெரியும். ஒரு பக்கம் பஞ்சு வைத்துத் தைக்க வேண்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டவர்களும் உண்டு. திரைக்குப் பின்னால் அளவெடுப்பேன், வெளியே வந்தால் மழையைப் பற்றிப் பேசுவேன். என் வீட்டுக்காரரிடம்கூட எதையும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. பீங்கான் ஃபியூஸ் கட்டை சுடும் சூளையில் வேலை பார்க்கிற மனுஷருக்கு வீட்டுக்கு வந்து மேலெல்லாம் அப்பிய வெள்ளைத் தூசியைக் கழுவவே நேரம் சரியாக இருக்கும்.

எனக்கே கட்டி என்று தெரிந்தபோது, நான் அவர்களுக்குக் கொடுத்த மரியாதையை ஊர் எனக்குக் கொடுக்காது என்று நன்றாகத் தெரிந்தது. நோய்க்குப் பயந்ததைவிட அந்த "ஐயோ பாவம்" பார்வைக்குத்தான் பயந்தேன். நான் வாயாடி. தைத்ததில் குறை சொல்கிறவளிடம் "உன் ஒடம்ப மாத்திட்டு வா, அப்பறம் ரவிக்கைய மாத்தறேன்" என்று சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்புகிறவள். என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள் என்று நினைத்தாலே எரிச்சல் வந்தது. அதற்கும் மேல், மகள் கடைசி வருஷத்தில் இருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் படிப்பைப் போட்டுவிட்டு வந்து என் கட்டிலோடு உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு இந்த நோயைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் உள்ளதெல்லாம் தெரியும். அது தெரிந்த பிள்ளையை ஹாஸ்டலில் தனியாக அழவிடக் கூடாது என்று நானும் அவள் அப்பாவும் முடிவு செய்தோம். தேர்வு முடியட்டும், வீட்டுக்கு வரட்டும், முகத்தைப் பார்த்துச் சொல்வோம் என்று.

பாண்டிச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. பெண்ணாடத்தில் என் தங்கை வீட்டில் விசேஷம், கூடமாட உதவிக்குப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டுப் போனோம். ஊசி போட ஆரம்பித்ததும் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அதற்கு என்ன சொல்வது? என் வீட்டுக்காரருக்குத்தான் யோசனை வந்தது. "வேளாங்கண்ணியில மொட்ட போட்டேன்னு சொல்லிடு. எவன் கேப்பான்?" என்றார். யாரும் கேட்கவில்லை. வேண்டுதல் என்றால் எங்கள் ஜனம் மேற்கொண்டு துருவாது. மகள் வீடியோ காலில் என் மொட்டைத் தலையைப் பார்த்து, "அழகா இருக்குதும்மா, அப்பிடியே வுட்டுடு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு மாதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளும் ஒரு தாய், புரிந்துகொள்வாள் என்று எனக்கு ஒரு துணிச்சல்.

அந்த ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக்கென்று ஒரு கவுண்டர் இருந்தது. ஆதார் கேட்டார்கள், ரேஷன் கார்டு கேட்டார்கள், போன் நம்பர் கேட்டார்கள், மெஷினில் விரலை வைக்கச் சொன்னார்கள். "எதுக்குங்க இம்புட்டும்?" என்றேன். "திட்டத்துல சேக்கணும்மா, இங்க ஒரு கையெழுத்து" என்றாள் அந்தப் பெண். போட்டேன். உயிர் பிழைக்கப் போன இடத்தில் யார் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள்? பெற்ற பெண்ணிடம் சொல்லாததை அன்று ஒரு கம்ப்யூட்டரிடம் சொன்னேன். சிகிச்சைக்காகக் கேட்கிறார்கள், சிகிச்சை முடிந்ததும் அது அங்கேயே கிடக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் நான் என்ன ஜெபித்தேன் என்று எனக்கு நினைவில்லை. நற்கருணை வாங்கப் போகும்போது சாமியார் என் முகத்தை வழக்கத்தைவிட ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். பூசை முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒருத்தி கேரளாவில் ஒரு வைத்தியர் இருப்பதாகச் சொன்னாள். இன்னொருத்தி, "பொண்ணுக்கும் ஒரு தடவ பாத்துடு, அம்மாவுக்கு இருந்தா வரும்னு சொல்றாங்க. வரன் பாக்குற நேரத்துல இப்பிடி ஆயிடுச்சே" என்றாள். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் என் நெஞ்சில் நெருப்பை வைத்தது போலிருந்தது. என் நோயை மைக்கில் சொன்னபோது என் மகளின் உடம்பையும் சேர்த்துத்தான் ஊருக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது வேறு ஒன்று. தேர்பவனிக்குக் கட்ட வேண்டிய பட்டுச் சேலையின் ரவிக்கையை என்னிடம் கொடுத்திருந்த டீச்சர் ஒருத்தி மெதுவாக வந்து, "நீங்க ரெஸ்ட் எடுங்கக்கா, நான் வேற எடத்துல குடுத்துக்கறேன்" என்றாள். "வெட்டியாச்சு டீச்சர், போங்க, புதன்கிழமை வாங்க" என்று சிடுசிடுத்தேன். உண்மையில் அப்போது வெட்டவில்லை. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதைத்தான் வெட்டினேன்.

என் வீட்டுக்காரர் ஆண்கள் பக்கத்திலிருந்து கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதிகம் பேசத் தெரியாத மனுஷர். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, "நவுருங்க, நவுருங்க, வூட்டுல அடுப்புல சோறு இருக்குது" என்றார். அடுப்பில் எதுவும் இல்லை. அப்போது மகளும் வந்து சேர்ந்தாள். அவள் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன். பாட்டுப் புத்தகத்தை என் பையில் போட்டுவிட்டு, "போலாமாம்மா? பசிக்குது" என்றாள். அவ்வளவுதான்.

கேட்டாளா, இல்லையா? ஒலிபெருக்கிக்குக் கீழே நின்றவளுக்கு எப்படிக் கேட்காமல் போகும்? ஆனால் பாடகர் குழு எப்போதும் தங்களுக்குள் குசுகுசுவென்று, எந்தப் பாட்டு, எந்தச் சுருதி என்று பேசிக்கொண்டுதான் இருக்கும். ஒருவேளை கேட்டிருக்காது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஹாஸ்டலில் போடும் சாம்பாரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். சாப்பிட உட்கார்ந்தோம். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட எனக்கு வாயில் வரவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தால் நான் சொல்வது பழைய சேதி. தெரியாதிருந்தால், ஊரே பேசிய பிறகு கடைசியில் சொல்கிறோமே என்று இருந்தது. இரண்டாவது தடவை ரசத்தைத் தட்டுக்கு வெளியே ஊற்றினேன். அவள் என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு தானே ஊற்றிக்கொண்டாள். சாப்பிட்டதும் கூடப் படித்த சிநேகிதியைப் பார்க்கக் கிளம்பிவிட்டாள்.

அவள் போய்ச் சற்று நேரத்துக்கெல்லாம் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி நின்றாள். எங்கள் பங்கைச் சேர்ந்தவள்தான். அடுத்த தெரு. வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுக்கும் சுகாதாரத் திட்டத்தில் வேலை பார்க்கிறாள். வெயிலோ மழையோ தோளில் ஒரு பையோடு நடந்துகொண்டே இருப்பாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"அக்கா, அந்தச் சீட்டு எழுதிக் குடுத்தது நாந்தான்க்கா."

நான் எழுந்து நின்றேன். கையில் கத்தரிக்கோல் இருந்தது. பயந்துபோய் ஒரு அடி பின்னால் போனாள். அதைக் கீழே வைத்தேன்.

"உனக்கு நான் என்னாடி பாவம் பண்ணுனேன்?"

"பாவமா இருந்துதுக்கா. ஒங்க பேரப் பாத்ததும் எனக்குச் சோறு எறங்கல. எனக்கு வேற என்னா செய்யத் தெரியும்? ஒரு பூச வெக்கலாம்னு..."

"பூச வெக்கறவ ஒடம்பு நல்லாவணும்னு எழுதக் கூடாதா? எதுக்குடி இடது வரைக்கும் எழுதுன?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நியாயமாகச் சொல்கிறவள் மாதிரி சொன்னாள். "பங்குல ஒங்க பேருல இன்னும் ரெண்டு பேரு இருக்காங்கக்கா. ஆண்டவருக்குக் கொழப்பம் வந்துடக் கூடாதில்ல? அதான் அண்ணன் பேரு, தெருவு, எந்தப் பக்கம்னு எல்லாம் வெவரமா எழுதுனேன். உபதேசியாரு அப்பிடியே படிப்பாருன்னு சத்தியமா நெனைக்கலக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. உலகத்தையே படைத்தவருக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் போய்விடும் என்று இவள் விலாசத்தோடு மனுப் போட்டிருக்கிறாள். நான் சிரிப்பதைப் பார்த்து அவள் இன்னும் அழுதாள். அவள் அழுவதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, இது சிரிப்பா அழுகையா என்று புரியாமல் இரண்டு டம்ளரில் தண்ணீரை வைத்துவிட்டுப் போனார்.

"ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சுது?" என்றேன். அதுதான் எனக்குப் புரியவில்லை. பாண்டிச்சேரியில் நடந்தது அடுத்த தெருவுக்கு எப்படி வந்தது?

அவள் போனை எடுத்தாள். அவர்கள் வேலைக்காக ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் ஆபீஸிலிருந்து ஒரு எக்செல் வந்திருக்கிறது. காப்பீட்டில் பெரிய சிகிச்சை எடுத்தவர்களை வீட்டில் போய்ப் பார்த்து, மாத்திரை சாப்பிடுகிறார்களா, திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களா என்று விசாரிக்க வேண்டுமாம். நல்ல காரியம்தான். அவள் விரலால் தள்ளித் தள்ளி எங்கள் தெருவைக் கொண்டுவந்து காட்டினாள். பெயர், வயது, கதவு எண், போன் நம்பர், நோய், சிகிச்சை எல்லாம் வரிசையாக இருந்தன. என் பெயருக்குப் பக்கத்தில் இடது என்றும் இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு பெயர். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். காலையில் பால் வாங்கப் போகும்போது எனக்கு வணக்கம் சொல்கிறவர். அவருக்கு என்ன என்று எதிரிலேயே எழுதியிருந்தது.

"மூடுடி அத!" என்று கத்தினேன். அவள் திடுக்கிட்டுப் போனைக் கவிழ்த்தாள். ஆனால் நான் பார்த்தாகிவிட்டது. பார்த்ததை இனி எப்படிப் பார்க்காமல் இருப்பது? அவருக்கு என்ன என்று இங்கேயும் எழுத மாட்டேன். அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த மனுஷரை அடுத்த நாள் காலையில் பார்த்தபோது என் குரல் தானாகத் தாழ்ந்தது. "ஐயோ பாவம்" என்று நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்குப் பயந்து நான் இத்தனை நாள் ஒளிந்தேனோ அதையே அவருக்குச் செய்தேன். அவமானமாக இருந்தது.

"இந்த குரூப்புல எத்தன பேருடி?" என்று நான் கேட்டதற்கு, "நாங்க எல்லாரும்தான்க்கா, சுத்துப்பட்டு ஊரு பூராவும்" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்தப் பெண் வேலை பார்க்கும் சுகாதார நிலையத்துக்கு என் வீட்டுக்காரர் போனார். மகள் வாசலில் நின்று, "எங்கம்மா ரெண்டு பேரும்?" என்றாள். "ஒரு வேலையா" என்றேன். அவள் மேலே கேட்கவில்லை. எப்போதும் எங்கே, எதற்கு, எப்போது வருவாய் என்று துளைத்து எடுக்கிற பிள்ளை. எனக்கு அது உறைக்கவில்லை. வாய்க்குள் கோபத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சின்னப் பெண். மேஜையைச் சுற்றிக் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள். என் முறை வந்ததும், எல்லாரையும் ஒரு நிமிஷம் வெளியே அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். கோயிலில் நடந்ததைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"யாரும்மா அந்த சீட்டு குடுத்தது? எங்க ஸ்டாஃபா? பேரச் சொல்லுங்க."

நான் சத்தம் போடத்தான் போயிருந்தேன். பெயரைச் சொல்வதற்கும் வாய் திறந்துவிட்டேன். அந்தத் தோள் பையும் சிவந்த மூக்கும் கண்ணுக்கு முன்னால் வந்தன. சொன்னால் அவள் வேலை போய்விடும்.

"பேரு என்னாத்துக்குங்க?" என்றேன். "ஒரு பேரு வெளிய போனதுல நான் பட்டது போதும். அந்தப் பொண்ணு என் மேல இருந்த பிரியத்துல செஞ்சுட்டா. அவ கைக்கு அது எப்பிடி வந்துதுன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் பொறுமையாகச் சொன்னார். ஆஸ்பத்திரி காப்பீட்டுக்குக் கொடுத்தது, சிகிச்சைக்குப் பணம் வர வேண்டுமே. காப்பீடு சுகாதாரத் துறைக்குக் கொடுத்தது, எந்த ஊரில் எந்த நோய் அதிகம் என்று துறைக்குத் தெரிய வேண்டுமே. துறை இவர்களுக்கு அனுப்பியது, நோயாளிகளைப் பின்தொடர வேண்டுமே. இவர்கள் ஊழியர்களுக்கு அனுப்பினார்கள். அவரவர் கையில் அவரவர் காரணம் இருந்தது. ஒருவர்கூட எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. "நல்லதுக்குத்தாம்மா" என்று சொல்ல வந்தவர், என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நல்லதுக்குத்தாங்க. நான் இல்லேன்னு சொல்லல," என்றேன். "ஒரு கையிலருந்து இன்னொரு கைக்குப் போறப்ப என்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா? வூட்டுக்கு வரட்டும், வேணாங்கல. இந்த வூட்டுல ஒருத்தங்கள போயிப் பாருன்னு மட்டும் சொல்லி அனுப்புங்க. வந்து என்னா ஏதுன்னு என்னைக் கேக்கட்டும். எனக்குச் சொல்லணும்னு தோணுனா நான் சொல்றேன். என் பொண்ணுகிட்டயே நான் இன்னும் சொல்லலீங்க. அவ கேட்டாளா இல்லையான்னுகூட எனக்குத் தெரியல." இதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அழக் கூடாது என்று போயிருந்தேன்.

டாக்டர் எழுந்து வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேலே நடப்பது தன் கையில் இல்லை, ஆனால் எழுதி அனுப்புவதாகச் சொன்னார். இங்கிருந்து போகிறதில் நோயின் பெயரை எடுத்துவிட்டு அனுப்புவது தன்னால் முடியும் என்றார். குரூப்பில் மொத்தமாகப் போடாமல் அந்தந்தத் தெருவுக்குப் போகிறவருக்கு மட்டும் கொடுக்கச் சொல்வதாகவும் சொன்னார். என் எதிரிலேயே யாருக்கோ போன் போட்டு, ஏற்கெனவே போட்டதை அழிக்கச் சொன்னார். அழித்தால் போய்விடுமா என்று எனக்குத் தெரியாது. பார்த்தவர்கள் கண்ணிலிருந்து அழியாது. ஆனாலும் அந்தப் பெண் சட்டம் பேசாமல், மேலதிகாரியைக் காட்டாமல், "மன்னிச்சுக்கங்கம்மா" என்று சொன்னது எனக்குப் பெரிதாக இருந்தது.

திரும்பும் வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. கூட்ஸ் வண்டி முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் தலையைத் திருப்பாமல், "பாப்பாகிட்ட சொல்லிடு" என்றார்.

"நேத்தே ஊரு சொல்லிடுச்சு. இனிமே நான் சொல்றதுக்கு என்னா இருக்குது?" என்றேன்.

"சொல்லு" என்றார் மறுபடியும். கேட் திறந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது மகள் என் மெஷினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, திருவிழாவுக்குக் கொடுக்க வேண்டிய ரவிக்கைகளுக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். டீச்சருடைய பட்டு அவள் மடியில் இருந்தது. நான் எதிரில் உட்கார்ந்தேன். அவள் அப்பா அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைத் தேவையில்லாமல் உருட்டினார்.

"பாப்பா, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நான் சொன்னேன். ஒத்திகை பார்த்தது எதுவும் வரவில்லை, வேறு எப்படியோ வந்தது. குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டதிலிருந்து, பெண்ணாடத்துக்குப் போகிறேன் என்று பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறியது, ஆபரேஷனுக்கு உள்ளே போகும்போது அவள் அப்பா என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றது, மொட்டையைப் பற்றிச் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல முதல் தடவை கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள். "எப்பம்மா?" என்றாள். "யாரும்மா கூட இருந்தாங்க?" என்றாள். "வலிச்சுதா?" என்றாள். மொட்டை விஷயம் வந்தபோது அவள் முகம் கோணியது. "நான் சிரிச்சேனேம்மா" என்று சொல்லிவிட்டு என் மடியில் தலையை வைத்து அழுதாள். தேர்வு வரைக்கும் காத்திருந்ததற்கு என்னைத் திட்டினாள், நர்ஸுக்குப் படிக்கிற பெண்ணிடமே மறைத்ததற்குத் திட்டினாள். அப்புறம் எழுந்து ரிப்போர்ட்டெல்லாம் எங்கே என்று கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகப் படித்து, அடுத்து எப்போது போக வேண்டும், அவள்தான் கூட வருவாள் என்று அவளே முடிவு செய்தாள். எனக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கிவிட்டது. அப்பாடா, பிள்ளை கோயிலில் கவனிக்கவில்லை, என் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறாள் என்று நிம்மதியானேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. சாயங்காலம் அவள் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது, முகம் தெரியாத தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

"பாப்பா, நேத்து பூசையில கருத்து வாசிச்சாங்களே, நீ கேக்கலியா?"

சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"கேட்டேம்மா."

என் கை அப்படியே நின்றுவிட்டது. நேற்றிலிருந்து அந்தப் பிள்ளை அதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் பசிக்கிறது என்றாள், சாம்பாரைப் பற்றிப் பேசினாள், ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

"அப்பறம் ஏண்டி ஒண்ணுமே கேக்கல? நான் சொல்றப்பவும் ஒண்ணும் தெரியாத மாதிரியே இருந்தியே?"

அவள் திரும்பவில்லை. என் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையை அதன் மேல் சாய்த்துக்கொண்டாள்.

"நீ இன்னும் சொல்லலியேம்மா" என்றாள்.